முழங்கால் வரை மணல்

கடற்கரை என்றால் மணல் இருக்கும் என்றுதான் படகில் ஏறும்வரை நினைத்திருந்தேன். மலேசியாவின் கெடா மாநிலக் கடற்கரையில் மணல் அரிது. மெர்போக் ஆற்று வாயிலிருந்து வடக்கே கோலா கெடா வரைக்கும் போனால் சேறு, சதுப்பு மரங்கள், வயல்களைக் கடலிடமிருந்து காக்கும் மண்கரை, மறுபடியும் சேறு. தண்ணீர் வற்றினால் கரை எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கரையில் சில மாதங்கள் நான் மணல் தேடினேன். நிறைய வேண்டியதில்லை. ஒன்றரை வயது தாண்டிய ஒரு பெண் குழந்தையை முழங்கால் வரை புதைத்து நிறுத்தும் அளவுக்கு இருந்தால் போதும்.

என் மகள் இன்னும் நடக்கவில்லை.

நாங்கள் படகுக்குப் போனதும் அவளுக்காகத்தான். என் கணவர் ஆற்று வாய்களின் ஆழம் அளக்கும் வேலையில் இருக்கிறார். எந்த வாய் தூர்ந்துவிட்டது, எந்த மண்கரையைக் கடல் தின்றிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் போய் அளக்க வேண்டும். இதற்கென்று, வேலையைக் குத்தகை எடுத்தவர் ஒரு பழைய மீன்பிடிப் படகை எடுத்து, நடுவில் பலகை அறை ஒன்று கட்டிக் கொடுத்திருந்தார். இதற்கு முந்தைய வேலையில் கணவர் பல வாரங்கள் வீட்டுக்கு வரவில்லை. வந்தபோது குழந்தை அவரைப் பார்த்து வீறிட்டு அழுதாள். தூக்கப்போன கைகளை அவர் மெதுவாக மடக்கிக்கொண்டார். அன்று இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த வேலை வந்தபோது நான் பள்ளியில் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்தேன். தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவள், தொட்டிலைத் தொங்கவிடும் ஸ்பிரிங்கையும் பால் மாவு டின்னையும் தூக்கிக்கொண்டு படகுக்கு வந்தேன். அது சரியான முடிவா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருந்தேன்.

ஒன்றில் மட்டும் அது சரியாக இருந்தது. ஒரு வாரத்தில் அவள் அப்பாவின் தோளில் தூங்கப் பழகிவிட்டாள். ஆனால் கால்கள் மட்டும் எழவில்லை. தவழ்வாள், பிடித்துக்கொண்டு நிற்பாள், கையை விட்டால் உட்கார்ந்துவிடுவாள். கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி, "அடுத்த செக்கப் வரைக்கும் பாப்போம் டீச்சர். அப்பவும் நடக்கலன்னா அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரிக்கு எழுதிடுறேன்" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அப்படிக் கேட்டது.

அன்று மாலையே கணவரிடம் சொல்லிவிட்டேன். "அந்த செக்கப்புக்குள்ள நடக்கலன்னா நான் இவளக் கூட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிடுறேங்க. அங்க தரை தரையா இருக்கும். பிடிச்சு நடக்க சுவரு இருக்கு. கூட விளையாடப் பிள்ளைங்க இருக்கு."

"சரி" என்றார். அக்கா வீடு பண்டார் பாருவில் இருக்கிறது, கெடாவின் தென்கோடி. வேலை முடிய இன்னும் பல மாதங்கள் இருந்தன. அத்தனை மாதம் கழித்துப் பார்த்தால் குழந்தை மறுபடியும் அவரை யாரோ என்று நினைப்பாள். இருவருக்கும் தெரியும். அதனால்தான் அந்தச் 'சரி' அவ்வளவு சின்னதாக இருந்தது.

மணல் வைத்தியம் அக்கா கைப்பேசியில் சொன்னது.

"காலையில, மணலு சூடேறதுக்கு முன்னாடி குழி தோண்டு. முழங்கால் வரைக்கும் புதைச்சு நிறுத்து. சுத்தி நல்லா அமுக்கு. காலு உறுதியாயிடும். என் மூணுக்கும் அப்படித்தான் செஞ்சேன்."

"உன் பிள்ளைங்க பத்து மாசத்துலயே நடந்துச்சுங்களேக்கா. எதுக்குப் புதைச்ச?"

"புதைச்சதாலதான்டி பத்து மாசத்துல நடந்துச்சுங்க! படிச்சவளுக்கு இதுகூடப் புரியல."

படகோட்டி ஒரு மலாய்க்காரர். தஞ்சோங் டாவாய்க்காரர், நாங்கள் பாக்சிக், அதாவது மாமா, என்று கூப்பிடுவோம். சிறுவயதில் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பையன்களோடு பந்து விளையாடிக் கற்ற தமிழில், மலாய் 'லா'வையும் சேர்த்து எங்களோடு பேசுவார். அக்கா சொன்னதைக் கேட்டு, "எங்க கம்போங்லயும் அதேதான் தங்கச்சி" என்று தன் கிராமத்தை நினைத்துத் தலையாட்டினார். "என்னையும் புதைச்சாங்க. அதான் நான் இப்படி ஓடுறது." அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. படகில் அவர் இருக்கும் இடம் இரண்டுதான், சுக்கானும் படுக்கும் பாயும்.

முதல் முறை பந்தாய் மெர்டேக்கா கடற்கரையில் புதைத்தோம். விடுமுறை நாள், கூட்டம். குழந்தை மணலைத் தின்றாள், அழுதாள். காற்றாடி விற்கிறவர் நின்று வேடிக்கை பார்த்தார். வெளியே எடுத்து நிறுத்தியதும் பொத்தென்று உட்கார்ந்தாள். ஒரு முறையில் ஆகுமா, தொடர்ந்து செய்ய வேண்டும் என்றாள் அக்கா. ஆனால் மறுநாள் நாங்கள் யான் என்கிற ஊர்ப் பக்கம் போய்விட்டோம். அங்கே சேறுதான்.

பிறகு தொடங்கியது காத்திருப்பு. மேற்குக் காற்று வீசும் மாதங்கள் அவை. சுமத்ரா பக்கமிருந்து புயல் கிளம்பி விடியற்காலையில் இந்தக் கரையில் வந்து மோதும். கைப்பேசியில் எச்சரிக்கை வரும். உடனே அளக்கும் கருவியை எடுத்து மூடி, பக்கத்தில் இருக்கிற ஆற்று வாய்க்குள் ஒதுங்கி, இரண்டு நங்கூரம் போட்டு, சட்டி பானைகளைப் பெரிய பேசினுக்குள் அடுக்கி, ஜன்னல் பலகைகளைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருப்போம். பாதி நாள் புயல் வராது. ஜெராய் மலை உச்சியில் கறுப்பாகத் திரண்டது அப்படியே மலையின் பின்பக்கம் போய்விடும். "தேத்தண்ணி குடிக்கிறதுக்குள்ள வந்துடும்" என்பார் பாக்சிக். தேத்தண்ணீர் குடித்து, அது ஆறி, மறுபடி வைத்துக் குடித்து, பகல் சோற்றுக்கு நெத்திலிச் சம்பலைக் கிண்டி முடித்தாலும் வராது.

வந்துவிட்டால் களைப்பு ஒரு நேரத்தோடு போகும். வராதபோதுதான் உடம்பு ஓய்ந்து போகும். மூடிய அறைக்குள் டீசல் வாடை, காயாத துணிகளின் வாடை. குழந்தையின் நாப்கின்கள் எஞ்சின் மூடியின் மேல் கிடக்கும், ஏனென்றால் அது ஒன்றுதான் சூடான இடம். விட்டத்தில் தொட்டில் தொங்கும். ஸ்பிரிங் கிறீச் கிறீச் என்று தானாகவே ஆடும், நான் ஆட்ட வேண்டியதில்லை. அது ஒன்றுதான் அந்தப் படகில் எனக்குக் கிடைத்த உதவி. அவள் தூங்கும்போது நான் அவள் கால்களைத் தொட்டுப் பார்ப்பேன். கெண்டைக்கால் மெலிந்திருக்கிறதா? கால் விரல்கள் உள்ளே வளைகின்றனவா? கைப்பேசியில் தேடுவேன். தேடினால் பயம் கூடும். வைத்துவிட்டு மறுபடி எடுப்பேன்.

இரண்டாம் முறை பீடான் தீவில். கடல் எண்ணெய் ஊற்றியது போல் இருந்த ஒரு காலை. கணவரே, "இன்னிக்குப் போயிட்டு வந்துடலாம்" என்றார். நல்ல மணல். தண்ணீர் இறைக்கும் வாளியால் அவர் குழி தோண்டினார். இந்த முறை குழந்தை சிரித்தாள். முழங்கால் வரை மூடி, நாங்கள் இருவரும் இரண்டு பக்கமும் மண்டியிட்டு மணலை அமுக்கினோம். கோயிலில் எதற்கோ வேண்டிக்கொள்கிறவர்கள் போல இருந்திருப்போம். அவள் தூண் மாதிரி நின்று கைதட்டினாள். கணவர் படம் எடுத்தார். அந்தப் படத்தை இப்போது பார்த்தாலும் அவள் தானாக நிற்பது போலத்தான் இருக்கும், காலைப் பார்க்காவிட்டால்.

படகிலிருந்து பாக்சிக் கத்தினார். "ஓய்! மரம் நடுறதுன்னா தண்ணி ஊத்திட்டு வாங்க லா! மேகம் பாருங்க!"

அவசரமாகப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு ஓடினோம். கால்கள் சிவந்திருந்தன. அவ்வளவுதான். மேகமும் மழையாகவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு வேறொன்று தோன்றியது. தவறு காலில் இல்லை, தரையில் இருக்கிறது. ஓயாமல் ஆடுகிற பலகையின் மேல் எந்தக் குழந்தை நடக்கக் கற்கும்? பெரியவளான நானே சுவரைப் பிடித்துக்கொண்டுதானே சோறு வடிக்கிறேன்? அவளுக்கு ஆடாத தரை வேண்டும். மணல் இல்லாவிட்டால் என்ன, சேறு இருக்கிறதே. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் படகைச் சேற்றில் உட்கார வைத்தால், அடுத்த நீரேற்றம் வரும்வரை அது வீடு மாதிரி அசையாமல் இருக்கும்.

சொன்னபோது கணவர் என்னையே பார்த்தார். "அளக்குற வேலைக்கு தண்ணி வேணும்மா. வேணும்னே தரை தட்டச் சொல்றியே."

பாக்சிக் பாயில் படுத்தபடி, "பிள்ளைக்கு நடக்கக் கத்துக் குடுக்கவா, இல்ல இந்தப் போட்டுக்கா?" என்றார்.

ஆனாலும் செய்தார்கள். வேலை முடிந்த மாலைகளில் ஏதாவது ஒரு வாயின் ஓரமாகப் படகைக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். தண்ணீர் இறங்க இறங்க அடியில் உறுமல் கேட்கும். லேசாக ஒரு பக்கம் சாய்ந்து படகு அமரும். ஆட்டம் நிற்கும். தொட்டிலும் அசையாது. ஸ்பிரிங் சத்தம் இல்லாத அந்த அமைதி எனக்கு வீடு திரும்பியது போல இருக்கும். சேற்று நாற்றமும் கொசுவும் மொய்க்க, நான் குழந்தையை அறையின் நடுவில் நிறுத்தி, இரண்டடி தள்ளி உட்கார்ந்து கை நீட்டுவேன். "வாம்மா. அம்மாகிட்ட வா. ஒரு அடி."

அவள் உட்கார்ந்துவிடுவாள். நிறுத்துவேன். உட்காருவாள். ஆடாத தரையை உள்ளங்கையால் தட்டித் தட்டிப் பார்ப்பாள், ஏதோ கெட்டுப்போன சாமானைப் பார்ப்பது போல. சில மாலைகளில் எனக்கு முன்பாக அவளே களைத்துப் போவாள். அந்தப் பார்வையை நான் கவனித்தேன். அதன் பொருளைக் கேட்டுக்கொள்ளத்தான் தெரியவில்லை. அசதி என்று நினைத்துத் தூக்கித் தொட்டிலில் போட்டேன்.

செக்கப்புக்கு இன்னும் சில நாட்களே இருந்தபோது அந்தப் புயல் வந்தது. சுங்கை லீமாவ் ஆற்று வாய்க்குள், மண்கரையை ஒட்டி ஒதுங்கியிருந்தோம். முந்தின நாளெல்லாம் காத்திருந்து ஏமாந்திருந்ததால், விடிந்ததும் நான் ஜன்னல் கயிறுகளை அவிழ்த்துத் துணி காயப்போடத் தொடங்கியிருந்தேன். மேற்கே ஒரு கறுப்புக் கோடு கிடந்தது. அது கோடாக இருந்து, சுவராக எழும்ப அதிக நேரம் ஆகவில்லை. முதலில் குளிர்ந்த காற்று. பிறகு காயப்போட்ட துணி எதுவும் அங்கே இல்லை.

மழை பலகைக் கூரையில் கல் மாதிரி விழுந்தது. தொட்டில் அறைச் சுவரில் இரண்டு பக்கமும் மோதியது. குழந்தையைப் பிடுங்கி எடுத்து, தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் எதிர்ப் பலகையில் ஊன்றி மடியில் இறுக்கிக்கொண்டேன். ஒரு நங்கூரம் இழுபடுகிறது என்று வெளியே பாக்சிக் கத்துவது கேட்டது. கணவர் சட்டையில்லாமல் முன்பக்கம் ஓடினார். கந்த சஷ்டிக் கவசம் சொல்லத் தொடங்கி, பாதியில் வரி மறந்து, முதலிலிருந்து சொல்லி, மறுபடி அதே வரியில் நின்றேன். நான் ஏன் அக்கா வீட்டில் இல்லை என்பதைத் தவிர வேறு எதுவும் தலையில் நிற்கவில்லை.

காற்று மெல்ல விட்டது. மழை மட்டும் விடாமல் பெய்தது. ஆனால் கடலின் அலைவு அப்போதுதான் ஆற்று வாய்க்குள் நுழைந்தது. படகு நிதானமாக, ஆழமாக ஆடத் தொடங்கியது. இந்தப் பக்கம் சாயும், நிற்கும், அந்தப் பக்கம் சாயும். என் பிடி தளர்ந்திருக்க வேண்டும். குழந்தை மடியிலிருந்து நழுவி இறங்கினாள். இறங்கி, எதையும் பிடிக்காமல் நின்றாள்.

படகு சாய்ந்தது. அவள் ஒரு முழங்காலை மடக்கினாள். படகு நிமிர்ந்தது. மடக்கிய காலை முன்னே வைத்தாள். மறுபடி சாய்ந்தது, மற்றக் கால். கள் குடித்தவர்கள் தெருவை அளப்பது போல, ஆனால் ஒரு தடவையும் தடுமாறாமல், அறையின் மறுகோடியில் கிடந்த அப்பாவின் ரப்பர் காலணி வரை போனாள். அதை எடுத்துத் தலைகீழாகப் பிடித்து, உள்ளேயிருந்த தண்ணீரைத் தரையில் கொட்டினாள். பிறகு உட்கார்ந்தாள்.

நான் கத்தவில்லை. கத்தினால் விழுந்துவிடுவாள் என்று பயந்தேன்.

கணவர் நடுங்கிக்கொண்டு உள்ளே வந்தார். கயிறு இழுத்து உள்ளங்கை பிய்ந்திருந்தது. "நடந்துட்டாங்க" என்றேன்.

"யாரு?"

"இவதான். இங்கேருந்து அங்க."

அவர் குழந்தையைப் பார்த்தார். அவள் காலணியை வாயில் வைத்திருந்தாள். "நல்லது" என்று சொல்லித் துண்டைத் தேடினார். நம்பவில்லை என்று சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் அவருக்கு எதையும் நம்பும் தெம்பு இல்லை. அலைவு அடங்கியது. நான் எவ்வளவு கெஞ்சியும் அவள் எழவில்லை. மாலைக்குள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பயத்தில் கண்டேனா? படகு சாய்ந்ததில் சறுக்கிப் போனதை நடந்ததாக நினைத்துக்கொண்டேனா? அக்காவைக் கைப்பேசியில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அலையடிக்குற போட்டுல நடந்துச்சாம், ஆடாத எடத்துல நடக்காதாம். ஏன்டி, பிள்ளைய பெத்தியா, வாத்த பெத்தியா?" என்று சிரித்தாள். பிறகு, "நீ வா முதல்ல. ரெண்டு நாள் நல்லாத் தூங்கு" என்றாள்.

செக்கப் நாளன்று படகு தஞ்சோங் டாவாயில் கட்டியிருந்தது. காலையிலேயே பையைக் கட்டிவிட்டேன். தொட்டில் சேலையையும் மடித்து மேலாக வைத்தேன். கிளினிக்கிலிருந்து திரும்பி, பையை எடுத்துக்கொண்டு, சுங்கைப்பட்டாணியில் ரயில் ஏறுவதாகத் திட்டம். கணவர் விட்டத்திலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றித் தந்தார். துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவியிருந்தார்.

கிளினிக்கில் பளபளக்கும் தரை. மிஸ்ஸி நாய்க்குட்டி பொம்மையைக் காட்டிக் கூப்பிட்டார். என் மகள் உட்கார்ந்து தரையைத் தட்டினாள்.

"வீட்ல நடக்குறாளா டீச்சர்?"

"படகுல நடந்தா மிஸ்ஸி. ஒரு தடவ. படகு நல்லா ஆடுறப்ப."

மிஸ்ஸி பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "எல்லா அம்மாவும் வீட்ல செய்யுறா, இங்க மட்டும் செய்யலன்னுதான் சொல்வாங்க. போட்டு ஆடினா செய்யுறான்னு நீங்கதான் முதல்ல சொல்றீங்க." கேலி இல்லை, அன்பாகத்தான் சொன்னார். "பயப்படாதீங்க. டாக்டரு பாக்கட்டும். பாத்துட்டா உங்களுக்கும் நிம்மதி." அலோர் ஸ்டாருக்குப் போக வேண்டிய கடிதத்தை வாங்கிக்கொண்டேன். நீங்கள் சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டார். ஆமாம் என்றேன்.

திரும்பி வந்தபோது மிதவைப் படகுத்துறையில் என் பை தயாராக நின்றது. கணவர் படகின் ஓரத்தில், மிதவையின் மறுகோடியில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. குழந்தையின் கனம் தோளை இறக்கியது. கொஞ்சம் மூச்சு வாங்கலாம் என்று பையின் மேல் உட்கார்ந்து அவளைக் கீழே விட்டேன்.

அப்போது பெரிய மீன்படகு ஒன்று வேகம் குறைக்காமல் ஆற்றுக்குள் போனது. அதன் அலை வந்து மிதவைக்கு அடியில் நுழைந்தது. மிதவை எழும்பியது, சாய்ந்தது. ஐஸ் பெட்டி தூக்கிப் போய்க்கொண்டிருந்த ஒருவர் நின்று கம்பியைப் பிடித்தார். நானும் பையோடு கம்பியைப் பிடித்தேன்.

என் மகள் எழுந்தாள். முழங்காலை மடக்கி, நிமிர்ந்து, காலை வைத்தாள். பிறகு மற்றது. ஆடுகிற மிதவையில், பெரியவர்கள் எல்லாரும் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்க, அவள் மட்டும் நடுவில் கையை வீசிக்கொண்டு அப்பாவை நோக்கிப் போனாள். கணவர் கயிற்றைக் கீழே போட்டார். ஓடி வரவில்லை. அப்படியே குந்தி, அன்றைக்கு மடக்கிக்கொண்ட அதே இரண்டு கைகளையும் நீட்டினார்.

"ஓய்! ஓய்! ஓய்!" என்று பாக்சிக் பாயிலிருந்து எழுந்து கைதட்டினார். அவள் திடுக்கிட்டு உட்கார்ந்தாள். அலை இன்னும் இருந்தது. மறுபடி எழுந்து, மிச்சத்தையும் நடந்து அவர் கைக்குள் விழுந்தாள்.

நான் எழுந்திருக்கவில்லை. சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் உடம்பில் அது வெறும் அசதியாகத்தான் இறங்கியது. சேற்றில் படகை உட்கார வைத்த மாலைகளெல்லாம் நினைவுக்கு வந்தன. அவளுக்குத் தெரிந்த ஒரே தரையைத் தினமும் நிறுத்திவிட்டு, நட நட என்று கெஞ்சியிருக்கிறேன். உடனே அடுத்த கவலையும் வந்தது. படகின் ஓரப் பலகை அவள் இடுப்பு உயரம்கூட இல்லை. நடக்காத குழந்தையைப் படகில் வைத்திருப்பது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது.

மழை பெரிய துளிகளாக விழத் தொடங்கியது. கணவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் அருகில் வந்து நின்றார். "ரயிலு எத்தன மணிக்கு?" என்றார். அவர் குரல் சாதாரணமாக இருக்கப் பாடுபட்டது.

பாக்சிக் பையின் காதைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி, இது கரைக்கா, போட்டுக்கா? நனையுது லா" என்றார்.

"நனையாம உள்ள வைங்க பாக்சிக்" என்றேன். "மழை விடட்டும்."

தரையில் நடக்க அவள் இன்னும் கற்க வேண்டும். அலோர் ஸ்டாருக்கும் குறித்த நாளில் போகத்தான் போகிறேன். நான் செய்தது சரியா என்று இப்போதும் தெரியவில்லை. அறைக்குள் போய்ப் பையைத் திறந்தேன். மேலாக இருந்த தொட்டில் சேலையை மட்டும் எடுத்தேன். அதன் ஒரு முனையை அவள் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டேன். மறுமுனையை எங்கே கட்டுவது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, கணவர் அதை வாங்கித் தன் பிய்ந்த கையில் சுற்றிக்கொண்டார். ஜெராய் பக்கம் இடித்தது. அவள் எழுந்து நின்று, படகு ஆடுவதற்காகக் காத்திருந்தாள்.